டீசல் கார் போன வீட்டுக்கு டர்போ பெட்ரோல் சரிப்படுமா?

எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்கோ விருதுநகருக்கோ கார் பார்க்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்பே மனத்தில் ஒரு கேள்வியை வைத்திருக்கிறார்: பழைய டீசல் வண்டியின் இழுவை இதில் இருக்குமா? அந்த இழுவை அவருக்குப் பழகிப்போன ஒன்று. மாருதி ஸ்விஃப்ட், டிசையர் டீசல் கார்களில் இருந்த 1,248 சிசி இன்ஜின் 2,000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுத்தது. வீட்டு ஆட்கள் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி. இத்தனையோடும் நான்கு வழிச்சாலையில் லாரியைத் தாண்டக் கியரை இறக்க வேண்டிய தேவை அவ்வளவாக வராது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது மாருதி டீசலைக் கைவிட்டது. மற்ற கம்பெனிகளின் சிறிய டீசல் கார்களும் பெரும்பாலும் மறைந்தன. இன்று அந்த அளவில் டீசல் வேண்டுமென்றால் வென்யூ, சோனெட், நெக்ஸான் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காலியான அந்த இடத்தில்தான் ஷோரூம்காரர்கள் டர்போ பெட்ரோலை நிறுத்துகிறார்கள். “டீசல் மாதிரியே இழுக்கும் சார்” என்பார் விற்பனையாளர். அதில் பாதி உண்மை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதத்தில் நாலைந்து தடவையாவது ஆள் நிறைந்து நெடுஞ்சாலையில் ஓடுகிற காருக்கு டர்போ பெட்ரோல் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். வாரம் முழுக்க ஊருக்கும் சிவகாசிக்கும் நடுவே போய்வந்துவிட்டு ஷெட்டில் நிற்கிற காருக்கு அது தண்டச் செலவு, இன்ஜினுக்கும் நல்லதல்ல. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வீடுகளுக்குத்தான் இந்த அத்தியாயம் முக்கியமாக உதவும்.

குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்

டர்போ நமக்குப் புதிதில்லை. மேலே சொன்ன டீசல் இன்ஜினிலும் அதுதான் இருந்தது. சைலன்சருக்குப் போகும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றைப் பட்டறைத் துருத்தி போல இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம். சின்ன இன்ஜினில் பெரிய இன்ஜினின் விசை கிடைக்கும். அந்த அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆயிலைப் பற்றிப் பின்னால் இவ்வளவு பேசப்போவதற்குக் காரணம் இதுதான்.

கார் விளம்பரத்தில் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். குடும்பக் காருக்கு நீங்கள் தேட வேண்டியது முறுக்குவிசையும் அது எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதும். ஹூண்டாய் வென்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மே மாதம் வந்தது முதல் அதில் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள். டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜின் தன் முழு முறுக்குவிசையான 114 நியூட்டன் மீட்டரை 4,000 சுற்றில் தருகிறது. டர்போ வைத்த 998 சிசி இன்ஜின் 172 நியூட்டன் மீட்டரை 1,500 சுற்றிலிருந்து 4,000 சுற்று வரை தொடர்ந்து தருகிறது. நம் பக்கத்து டிரைவர்களில் பலர் 4,000 சுற்றை எட்டியே பார்த்திருக்க மாட்டார்கள். இன்ஜின் சத்தம் கேட்டதுமே கியரை மாற்றிவிடுகிற கை நம்முடையது. அப்படி ஓட்டுகிறவருக்கு 1.2 இன்ஜினின் பாதி பலம் எப்போதும் பூட்டியே கிடக்கிறது. ஏசியைப் போட்டால் திணறுகிறது, பிக்கப் இல்லை என்று மெக்கானிக் அண்ணாச்சியிடம் போய்ச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

எல்லா டர்போவும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல. மாருதி ஃபிராங்ஸில் 1.2 இன்ஜின் 113 நியூட்டன் மீட்டர், 1.0 டர்போ 148. டர்போவில் அது 2,000 சுற்றிலிருந்து கிடைக்கிறது. சென்னை அருகே ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மேக்னைட்டில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். இரண்டுமே 999 சிசி, இரண்டுமே மூன்று சிலிண்டர். டர்போ இல்லாததில் 96 நியூட்டன் மீட்டர், டர்போவில் 160. ஆனால் கை கியர் டர்போவில் அந்த 160 முழுவதும் கிடைக்க 2,800 சுற்று வேண்டும். வென்யூவின் 1,500க்கும் இதற்கும் உள்ள இடைவெளியை விலைப்பட்டியலில் பார்க்க முடியாது. ஊருக்குள் வேகத்தடை ஏறி இறங்கும்போது தெரியும்.

அந்த வேகத்தடைதான் நம் சாலைகளில் டர்போவுக்குப் பெரிய பரீட்சை. டர்போ சக்கரம் வேகம் பிடிக்கும் வரை உங்கள் கையில் இருப்பது வெறும் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். வேகத்தடையில் இறக்கிய வண்டியை இரண்டாவது கியரில் மறுபடி கிளப்பும்போது ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று பாயும். அந்த இடத்தில் டர்போ இல்லாத நாலு சிலிண்டர் 1.2 இன்ஜின் காலை வைத்ததுமே சொன்ன பேச்சைக் கேட்கும். ஊர்ச் சாலையில் மட்டும் ஓடுகிறவர், வேகமான வண்டி என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கி, தினமும் மந்தமான பகுதியை மட்டுமே அனுபவிக்கிற வேடிக்கை இதில் நடக்கிறது.

இன்ஜின் ஏன் இவ்வளவு சிறியது

வரிதான். 2006 மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோலானால் 1,200 சிசிக்கு மேற்படாத இன்ஜினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அந்தக் கோடு ஜிஎஸ்டியிலும் தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், தாண்டினால் 40. ஆகவே இந்தியாவில் ஒரு கனமான குடும்பக் காருக்கு 1.5 லிட்டர் இன்ஜின் வைக்க விரும்பும் கம்பெனி, வரிக்குப் பயந்து 1.0 அல்லது 1.2 லிட்டரில் டர்போ வைக்கிறது. நீளமும் சேர்ந்த கணக்கு இது என்பதை மறக்க வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் டைகுனில் இருப்பதும் ஒரு லிட்டர் டர்போதான். நீளம் 4 மீட்டரைத் தாண்டுவதால் அது பெரிய வரிக்குள் போய்விடுகிறது.

உங்கள் வண்டியின் ஒரு வருடம்

ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு மாலை வீட்டில் உட்கார்ந்து, போன வருடம் வண்டி எங்கெல்லாம் போனது என்று எழுதிப் பாருங்கள். நம் பகுதி வீடுகளில் அந்தப் பட்டியல் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். பள்ளிக்கூடம், சிவகாசிக் கடைவீதி, ஆஸ்பத்திரி, ஃபேக்டரி. மாதம் ஒன்றிரண்டு கல்யாணம் காதுகுத்து. மதுரைக்கு எப்போதாவது. ஆடியில் இருக்கன்குடி. சிவராத்திரிக்கோ பங்குனி உத்திரத்துக்கோ குலதெய்வம் கோயில். அன்று ஐந்து பேர் வண்டியில் ஏழு பேர் ஏறுவார்கள், யாரும் கேட்க முடியாது. கார்த்திகை, மார்கழியில் ராஜபாளையம், செங்கோட்டை, புனலூர் வழியாகச் சபரிமலை. சீசனுக்குக் குற்றாலம், மே மாதம் கொடைக்கானல்.

இதில் ஒவ்வொரு பயணத்துக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர், மலை உண்டா. முதல் வரிசையில் இருக்கும் சின்னப் பயணங்களே முக்கால்வாசிப் பட்டியலை அடைத்துக்கொண்டால் டர்போ பேச்சை அங்கேயே நிறுத்தலாம். நாலைந்து கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் இன்ஜினில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின்களில் இது இன்னும் கூடுதல். வென்யூவின் டர்போவும் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் ஒரு லிட்டர் டர்போவும் அந்த வகை. வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நான்கு வழிச்சாலையில் ஓடினால் சேர்ந்த பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். எல்லா நாளும் ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மறுபக்கம், பட்டாசுக்கும் காலண்டருக்கும் அச்சுக்கும் ஆர்டர் எடுக்க மாதம் பாதி நாள் வெளியூரில் இருக்கிறவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். திருச்சி, சென்னை, பெங்களூரு என்று ஒரே மூச்சில் ஓடுகிற வண்டிகள் அவை. டீசல் காருக்கு உண்மையான வாரிசு தேடுகிறவர்கள் இவர்கள்தான். நான்கு வழிச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில், கடைசி கியரில், 2,000 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே ஓடும்போது டர்போ பெட்ரோல் தன் நல்ல குணத்தைக் காட்டும். முன்னால் போகும் லாரியைத் தாண்டக் காலை அழுத்தினால் போதும்; கியரை இறக்கி இன்ஜினை அலற விட வேண்டியதில்லை.

மலைப் பாதையில் இன்னொரு லாபம் உண்டு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். வத்தலக்குண்டு தாண்டி ஏறத் தொடங்கும்போது இருந்த வண்டி பெருமாள்மலை வரும்போது இல்லை என்று தோன்றுவது மனப்பிரமை அல்ல. டர்போ இருந்தால், மெலிந்த காற்றையும் அழுத்திக் கொடுத்துக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

அக்னி நட்சத்திர வெயிலில் மட்டும் விற்பனையாளர் சொல்லாத ஒன்று நடக்கிறது. அழுத்தப்பட்ட காற்று ஏற்கெனவே சூடானது. அதைக் குளிரவைக்க இன்டர்கூலர் இருந்தாலும், வெளிக்காற்றே 40 டிகிரியை நெருங்கும்போது அதன் பலன் குறைந்துவிடும். இன்ஜின் தட்டாமல் இருக்க, அதன் கம்ப்யூட்டர் பலத்தைக் குறைத்துக்கொள்ளும், சில வேளை பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிச் சூட்டைத் தணிக்கும். மே மாத மதியத்தில் மைலேஜ் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். வண்டியில் கோளாறு என்று அலைய வேண்டாம்.

இடையே ஒரு வார்த்தை. தீபாவளி நேரத்தில் வெளியூர் சொந்தக்காரர்களுக்கு என்று டிக்கியில் பட்டாசுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போகிற வழக்கம் நம்மிடம் உண்டு. ரெங்கபாளையத்தில் 2023 அக்டோபரில் நடந்த பட்டாசு வெடிவிபத்தைப் பற்றி இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. டர்போவோ சாதாவோ, ஆள் ஏறும் வண்டியில் அந்தச் சரக்கு வேண்டாம். நெடுந்தூரம் ஓடிவந்த பெட்ரோல் காரைக் காய்ந்த புல் மேல் நிறுத்தவும் வேண்டாம். அடியில் இருக்கும் புகைச் சுத்திகரிப்பான் நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும்.

டீசல் கையோடு டர்போ பெட்ரோலை ஓட்டினால்

டீசல் ஓட்டிப் பழகியவரிடம் மூன்று பழக்கங்கள் இருக்கும். டர்போ பெட்ரோலில் முதல் இரண்டும் ஆபத்து, மூன்றாவதில் கொஞ்சம் கவனம் போதும்.

முதலாவது, டாப் கியர் மோகம். 35, 40 கிலோமீட்டர் வேகத்திலேயே நான்காவது, ஐந்தாவது கியருக்குப் போய்விட்டு, மேடு வந்தால் கியரை இறக்காமல் காலை மட்டும் அழுத்துவது. டீசல் இன்ஜின் இதைப் பொறுத்துக்கொண்டது. சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜினில் குறைந்த சுற்றில் முழுப் பாரத்தை ஏற்றினால், தீப்பொறி விழுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். உலகம் முழுவதும் நேரடிப் பீய்ச்சல் டர்போ இன்ஜின்கள் பெருகியபோது கம்பெனிகளைப் படுத்திய பிரச்சினை இது. கடுமையான ஒரு வெடிப்பே பிஸ்டனை உடைத்துவிடக்கூடும். சிலிண்டருக்குள் தெறிக்கும் ஆயில் துளிகள் இதற்கு ஒரு காரணம் என்று தெரிந்ததால் ஆயில் தரத்தையே மாற்றினார்கள். 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் ஏபிஐ எஸ்பி என்ற தரங்கள் இந்த வெடிப்பைத் தடுக்கும் சோதனையோடு வந்தன. ஆயில் டப்பாவில் எஸ்பி என்றோ அதற்குப் பிந்தைய தரம் என்றோ போட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மேட்டில் ஒரு கியர் இறக்குங்கள். 2,000 சுற்றுக்குக் கீழே இருக்கும்போது காலை முழுதாக அழுத்தாதீர்கள்.

இரண்டாவது, ஆயிலைத் தள்ளிப்போடுவது. “ஆயில் இன்னும் நல்லாத்தான் இருக்கு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்ற பேச்சு டர்போ பெட்ரோல் வீட்டில் கேட்கக்கூடாது. பெட்ரோல் புகைவாயுவின் சூடு 900 டிகிரியை எட்டும். டீசலில் இவ்வளவு சூடு கிடையாது. அந்தச் சூட்டில் பழைய ஆயில் கரிந்து டர்போவின் ஆயில் வழிகளை அடைக்கும். கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று இருக்கலாம். அதே கையேட்டின் பின்பக்கத்தில் தூசி, சின்னப் பயணம், கடும் வெயில் உள்ள இடங்களுக்கு வேறு அட்டவணை இருக்கும். பெரும்பாலும் அது பாதி. கரிசல் தூசியும், நம் சாலைகளில் ஓடும் லாரிகள் கிளப்பும் புழுதியும், வருடத்தில் எட்டு மாத வெயிலும் சேர்ந்த இடத்தில் பின்பக்க அட்டவணைதான் உங்களுடையது. ஏர் ஃபில்டருக்கும் அதே விதி. ஃபில்டர் தாண்டி உள்ளே போகும் மணல் முதலில் தேய்ப்பது டர்போவின் சக்கரத்தைத்தான்.

மூன்றாவது, ஓடிவந்த வேகத்தில் சாவியைத் திருப்புவது. இதில் பயமுறுத்தல் அதிகம், உண்மை குறைவு. இப்போதைய டர்போக்கள் பலவற்றுக்கு ஆயிலோடு தண்ணீர்க் குளிர்ச்சியும் உண்டு. நான்கு வழிச்சாலையிலிருந்து இறங்கி ஊர்ப்பாதையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் நிதானமாக வந்தாலே சூடு தணிந்துவிடும்; வீட்டு வாசலில் தனியாக ஓடவிட்டுப் பெட்ரோலை வீணாக்க வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் நேராக வந்து நிறுத்தும்போது மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் போதும்.

எம். புதுப்பட்டி மாதிரி ஊரில் இன்னொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். வண்டியை ஓட்டப்போவது யார்? அப்பா, இரண்டு மகன்கள், எப்போதாவது மச்சான், அவசரத்துக்கு ஒரு டிரைவர் என்று நாலைந்து கை படும் காராக இருந்தால் மேலே சொன்ன ஒழுங்கெல்லாம் காப்பாற்றப்படுமா என்று யோசியுங்கள். எல்லாக் கைக்கும் ஈடுகொடுக்க டர்போ இல்லாத 1.2தான் தோதான இன்ஜின்.

பத்து லட்சம் என்ற வரம்பு

மைலேஜில் தொடங்குவோம், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஃபிராங்ஸ் 1.2 கை கியருக்குச் சோதனைக்கூட மைலேஜ் 21.79, டர்போவுக்கு 21.5. ஏறத்தாழ ஒன்றுதான். சோதனைக்கூடத்தில் மென்மையாக ஓட்டுவதால் டர்போவுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. நம் காலில் அது வேலை செய்யத் தொடங்கினால் இடைவெளி விரியும். எவ்வளவு என்பது முழுக்க ஓட்டுகிறவர் கையில் இருப்பதால், உங்கள் சொந்தக் கணக்குக்கு லிட்டருக்கு 2 கிலோமீட்டர் குறைவு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இரண்டு வகை இன்ஜினிலும் மைலேஜை ஓரளவு குறைக்கும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு.

உண்மையான வித்தியாசம் சாலை வரியில் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள்கால வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். டர்போ இல்லாத ஒரு கார் 9.20 லட்சம், அதே கார் டர்போவோடு 10.20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு வரி 1,19,600 ரூபாய், இரண்டாவதற்கு 1,83,600. ஷோரூமில் ஒரு லட்சம் வித்தியாசம் என்றார்கள். வண்டி ரோட்டில் இறங்கும்போது அது 1,64,000 ஆகிவிட்டது.

இதோடு பெட்ரோல். வருடம் 12,000 கிலோமீட்டர், ஒன்று 16 மைலேஜ், மற்றது 14, லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 10,700 ரூபாய் கூடுதல். ஏழு வருடத்தில் 75,000. எதிர்பாராத ஒரு சலுகை இன்சூரன்ஸில் உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் சிசி கணக்கில் வருவதால் 998 சிசி டர்போ, 1,197 சிசி சாதா இன்ஜினைவிட மலிவு. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416. இந்த மிச்சத்தைக் கழித்தாலும் ஏழு வருடத்தில் டர்போவுக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது ஏறத்தாழ 2.3 லட்சம்.

வீட்டில் எழுதிய பட்டியலை இப்போது எடுங்கள். ஆள் நிறைந்த தூரப் பயணம் வருடத்துக்கு 12 நாள் என்றால் ஏழு வருடத்தில் 84 நாள். ஒரு நாளுக்கு 2,700 ரூபாய் டர்போவுக்காக மட்டும் கொடுக்கிறீர்கள். அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த 12 நாளும் டிரைவரோடு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துவிட்டு ஏழு பேரும் கால் நீட்டி உட்கார்ந்து போகலாம் என்பது என் கட்சி. வாரம் ஒரு முறை நெடுஞ்சாலை என்றால் அதே கூடுதல் செலவு நாளுக்கு 630 ரூபாய்தான். அதற்கு யோசிக்க வேண்டாம்.

10 லட்சத்துக்குள் அடங்கும் டர்போ மாடல் கிடைத்தால் கணக்கே மாறும். சன்ரூஃபும் பெரிய திரையும் உள்ள உச்ச மாடலை விட்டுவிட்டு, ஆறு ஏர்பேக் உள்ள கீழ் மாடல் டர்போவைக் கேளுங்கள். விலைப்பட்டியலில் சாலை வரியைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால்

டர்போவோடு எந்தக் கியர்பெட்டி வருகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. வென்யூ டர்போவில் வருவது இரட்டை கிளட்ச் வகை. ஓட்டத்தில் சுகம், ஆனால் மே மாதம் கொடைக்கானல் ஏற்றத்தில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக ஊரும்போது அதன் கிளட்ச் சூடாகிவிடும். ஃபிராங்ஸ் டர்போவில் டார்க் கன்வெர்ட்டர், மேக்னைட்டில் சிவிடி. மலையேற்றமும் கோயில் கூட்டமும் அதிகம் உள்ள வீட்டுக்கு டார்க் கன்வெர்ட்டரே என் தேர்வு.

ஓட்டிப் பார்க்கும் நாள்

காலைக் குளிரில், விற்பனையாளர் ஒருவரை மட்டும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்து ஒரு பயனும் இல்லை. மதியம் போங்கள். வீட்டு ஆட்கள் நால்வரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏசியை முழுதாகப் போட்டு, ஒரு மேம்பாலத்தின் அடியில் நின்றுவிட்டு அங்கிருந்து ஏறுங்கள். வேகத்தடை உள்ள தெருவில் இரண்டாவது கியரில் இறங்கி மறுபடி கிளம்பும்போது எவ்வளவு நேரம் தயங்குகிறது என்று பாருங்கள். நான்கு வழிச்சாலையில் மூன்றாவது கியரில் 50இலிருந்து 80 வரை இழுத்துப் பாருங்கள். பிறகு அதே கம்பெனியின் டர்போ இல்லாத வண்டியில் அதே பாதையில் அதே ஆட்களோடு ஒரு சுற்று. பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தி வைத்திருக்கும்போது மூன்று சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு இருக்கையில் தெரியும். சிலருக்கு அது பொருட்டே இல்லை. தலைவலிக்காரர்கள் வீட்டில் இருந்தால் இப்போதே உட்காரவைத்துப் பாருங்கள்.

பழைய டர்போ பெட்ரோல் வாங்குகிறவருக்கு

இந்த வகைக் காரை நம் நாட்டில் பரவலாக அறிமுகப்படுத்தியதில் சென்னைக்குப் பக்கத்து மறைமலைநகருக்குப் பங்கு உண்டு. அங்கே தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013இல் 999 சிசி ஈகோபூஸ்ட் இன்ஜினோடு வந்தது. 125 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர். உலகளவில் ஆண்டின் சிறந்த இன்ஜின் என்ற விருதை 2012, 2013, 2014 என்று தொடர்ந்து வென்ற இன்ஜின் அது. அன்று நம் ஆட்கள் அதே காரின் டீசலைத்தான் தேடிப் போனார்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இப்போது பழைய கார் சந்தையில் அந்த ஈகோபூஸ்ட் நல்ல விலைக்கு இறங்கி வருகிறது. பலருக்கு ஆசை வரும்.

அந்த இன்ஜினின் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள் மூழ்கி ஓடும் ரப்பர் பெல்ட். சரியான ஆயில் ஊற்றாமலோ, காலம் கடத்தியோ ஓட்டிய வண்டியில் ரப்பர் துகள் உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். அடைத்தால் டர்போவும் போகும், இன்ஜினும் போகும். பெல்ட்டை மாற்றக் கம்பெனி வைத்த கெடு 10 ஆண்டு. 2013, 2014 வண்டிகளுக்கு அது முடிந்தேவிட்டது.

எந்தக் கம்பெனியின் பழைய டர்போ பெட்ரோலானாலும் பார்க்க வேண்டியவை அவ்வளவு கடினமில்லை. விற்கிறவரிடம் வண்டியைச் சூடாக்கி வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலையில் குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்து உட்புறம் தார் மாதிரி படிந்திருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட் குறைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் 20 சதவீத எத்தனாலுக்கு ஏற்றதா என்று கையேட்டிலும் பெட்ரோல் மூடியிலும் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஆயில் மாற்றிய பில்கள், வாய்ப்பேச்சு செல்லாது. வருடத்துக்கு ஒன்றாவது, தேதியும் கிலோமீட்டரும் ஆயிலின் தரமும் எழுதியதாக இருக்க வேண்டும்.

பழைய ஈகோபூஸ்ட்டில் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், வேலை தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் அதற்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.